கடைமடைக்கு ஒரு காபி

மணமன்றம் என்ற காபி மன்றத்தைத் திறந்துவைத்த அன்று, மேடையில் அமர்ந்திருந்த அத்தனை பிரமுகர்களின் வெள்ளை வேட்டியும் பின்புறம் பழுப்பாகிப்போயிற்று.

காரணம் இருக்கைகள். அவை காபிச் சக்கையை அழுத்திச் செய்தவை. மரம் இல்லை, இரும்பு இல்லை, பிளாஸ்டிக் இல்லை. நகரம் வடிகட்டித் தூக்கி எறிந்த சக்கையிலேயே நகரம் வந்து உட்காரப்போகிறது என்று கட்டடக் கலைஞர் நிரஞ்சன் கிருபாகரன் ஒலிபெருக்கி முன்னால் உருகிக்கொண்டிருந்தார். அவர் உருகிய நேரத்தில் சக்கையும் உருகி, தன்னிடம் மிச்சமிருந்த டிகாக்‌ஷனைப் பெரிய மனிதர்கள்மேல் இறக்கிவிட்டது.

"இது கட்டடம் அல்ல. ஓர் உரையாடல்," என்று முடித்தார் நிரஞ்சன்.

பிரமுகர்கள் கைதட்டி எழுந்து திரும்பியபோது, உரையாடல் எல்லார் பின்னாலும் அச்சாகியிருந்தது. கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. புகழேந்தி மட்டும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கூரை அவன் போட்டது.

குழாயில் தண்ணீர் வந்த காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் சென்னையில் இன்னும் சிலர் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் சொல்வதை யாரும் நம்புவதில்லை, அவ்வளவுதான். நிலத்தடி நீர் உப்பாகி, ஏரிகளில் அடுக்குமாடி முளைத்து, தண்ணீர் லாரிகளும் ஓய்ந்த பிறகு, நகரம் காற்றைப் பிழிந்து குடிக்கக் கற்றுக்கொண்டது. கடற்காற்றின் ஈரத்துக்கு என்ன குறைச்சல்? புழுக்கத்தைத் திட்டித் தீர்த்த அதே ஜனங்கள், இப்போது மொட்டை மாடியில் கொடி கட்டிப் பனிவலை தொங்கவிட்டு, அது சொட்டுவதைச் சாமிப் பிரசாதம்போலப் பிடித்தார்கள்.

மணமன்றத்தின் கூரையில் இருந்தது வலை அல்ல, நீர்ப்பாய். கப்பல் பாய்போல வளைந்து கடலை முறைத்துக்கொண்டு நிற்கும். வருகிற காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வெயில் ஏற ஏறச் சொட்டுச் சொட்டாக இறக்கும். சாதாரண வலை காற்றிடம் பிச்சை கேட்கிறது என்றால், இது கத்தியைக் காட்டிப் பிடுங்குகிறது. ஊரே நாக்கு வறண்டு கிடக்கையில் ஒரு காபி மன்றம் யாரிடமும் ஒரு சொட்டுக் கேட்காமல் தன் தண்ணீரைத் தானே சம்பாதித்து, வருகிறவர்களுக்கெல்லாம் நுரை பொங்க ஆற்றிக் கொடுக்கப்போகிறது. நிரஞ்சன் உருகியதில் பாதி நியாயம்தான்.

மற்றப் பாதி புகழேந்திக்குத் தெரியும்.

கட்டடம் வெறும் வரைபடமாக இருந்தபோதே அவன் காற்றோட்டத்தைக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்திருந்தான். ஈரம் நீலம், வறட்சி மஞ்சள். கடலிலிருந்து நீலமாக வந்த காற்று பாயைத் தாண்டியதும் மஞ்சளாக மாறி, நீளமாக ஒரு வால்போல மேற்கே இறங்கியது. நிரஞ்சன் திரைக்கு முன்னால் வந்து நின்று தலையைச் சாய்த்து ரசித்தார்.

"என்னய்யா இது மஞ்சளா ஒரு வால்? அழகா இருக்கே."

"வறண்ட காத்து சார். பாய் குடிச்சது போக மிச்சம். நேரா வெண்மணல் குடியிருப்பு மேல போய் விழுது."

"அங்க யார் இருக்கா?"

"ஏகப்பட்ட வீடு சார். எல்லாரும் மொட்டை மாடியில வலை கட்டியிருக்காங்க. அந்த வலைக்கு வர்றதுல பாதி வத்திடும்."

"காத்து எப்படிப்பா வத்தும்? அது என்ன கிணறா?"

"வாய்க்கால் சார். தலைமடைக்காரன் மொத்தத்தையும் தன் பக்கம் திருப்பிக்கிட்டா கடைமடைக்குச் சேறுதான் வரும். இங்க சேறுகூட வராது. தூரப் போகப் போகக் காத்து மறுபடி கலந்து ஈரமாயிடும். பக்கத்துல இருக்கிறவங்கதான் செத்தாங்க."

நிரஞ்சன் கண்களை மூடி, மூச்சை இழுத்து விட்டார். அவருக்குப் பிடிக்காத விஷயத்தை யாராவது சொன்னால் உடனே தியானம் வந்துவிடும்.

"புகழ், நீ ரொம்ப நேர்கோட்டுல யோசிக்கிற. ஒரு வெளியை முதல்ல உணரணும்."

"பாயைச் சின்னதாக்கி நடுவுல இடைவெளி விட்டா பாதிப்பு குறையும் சார். காபிக்குத் தேவையான தண்ணி அப்பவும் கிடைக்கும்."

"கிடைக்கும். அந்த வளைவு?"

அங்கேதான் புகழேந்தி வழுக்கினான். அந்த வளைவு அவனுடையது. அடுத்தவர் கட்டும் கட்டடத்துக்கு வெயில் எங்கே விழும், காற்று எப்படி வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தே தலை நரைத்தவன் அவன். பொறித்து வைக்கிற கல்வெட்டுகளில் மின்பணி செய்தவர் பெயர்கூட வரும்; காற்றுக் கணக்குப் போட்டவன் பெயர் வராது. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் கையிலிருந்து ஒரு வடிவம் வந்திருந்தது. அதை இடைவெளி விட்டு வெட்டினால் அது கிழிந்த வேட்டி.

"கல்வெட்டுல உன் பேரும் வருது," என்றார் நிரஞ்சன், கண்ணைத் திறக்காமலேயே.

அன்று மாலை புகழேந்தி ஒரு பொய்யும் சொல்லவில்லை. வரைபடத்தின் நிற அளவுகோலை மட்டும் கொஞ்சம் நகர்த்தினான். மஞ்சள் வால் வெளிர்நீலமாயிற்று. அனுமதி கொடுத்தவர்கள் அந்த நீலத்தைப் பார்த்துவிட்டு, குளுமையாக இருக்கிறது என்றார்கள்.

அந்தக் குடியிருப்பில் ஒரு வீடு தன் மாமனாருடையது என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த எண்ணம் அன்றைக்கு ஒரு நொடி இனித்தது என்பதைத் தனக்கேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

*

மா. சபாபதி, ஓய்வுபெற்ற சார்பதிவாளர். இந்தக் கடைசி இரண்டு சொற்களை எடுத்துவிட்டால் அவர் பெயர் நிற்காது, சரிந்துவிடும். "இந்த ஊர்ல பாதி வீடு என் கையெழுத்துல நிக்குது," என்பார். மீதிப் பாதி எதில் நிற்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

புகழேந்தி பெண் பார்க்க வந்த அன்றே மாமனார் ஒரு சொந்தக்காரரிடம் அவனை அறிமுகப்படுத்திய விதம் குடும்பத்தில் பழமொழியாகிவிட்டிருந்தது. "மாப்பிள்ளைக்கு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சொல்ற உத்தியோகம். கொடிமரத்துல கட்டின துணியும் அதைத்தான் சொல்லுது. அது சொந்தமா கார் வாங்கல."

வெண்மணல் குடியிருப்புக்கு அவர்தான் நீர்க்கட்டி. தெற்கே கண்மாய்ப் பாசனத்தில் யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று பார்க்கிறவருக்கு அந்தப் பெயர். பனிவலை வந்த பிறகு நகரத்துக் குடியிருப்புகளுக்கும் அப்படி ஒருவர் தேவைப்பட்டார். பழைய பெயரையே தூசு தட்டி எடுத்துக்கொண்டார்கள். மாடி வலைகளிலிருந்து தொட்டிக்கு வரும் தண்ணீரை அளந்து, வீட்டுக்கு இத்தனை குடம் என்று பிரித்து, வால்வைத் திறந்து மூடுவது அவர் வேலை. இதற்கு இரண்டு கையும் ஒரு சாவியும் போதும். சபாபதி ஒரு மைக்கையும் சேர்த்துக்கொண்டார்.

"வணக்கம். உங்கள் நீர்க்கட்டி, ஓய்வுபெற்ற சார்பதிவாளர் சபாபதி பேசுகிறேன். இன்றைய வலை வரவு நிறைவு. வீட்டுக்கு ஆறு குடம். சிந்தாமல் சிதறாமல் பிடிக்கவும். நன்றி. வணக்கம்."

தினமும் காலையில் இது. இரண்டு வணக்கத்துக்கு நடுவில் இரண்டு செய்தி. தோரணையை எத்தனை கேலி செய்தாலும், அவர் சொன்ன அளவில் ஒரு செம்பு கூடக் குறையக் கண்டவர்கள் இல்லை. குடம் கொண்டுவர ஒரு நிமிஷம் தாமதித்த சொந்த மகளுக்கே வால்வை மூடியவர் அவர்.

மணமன்றம் திறந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, புகழேந்தி மனைவி வாசுகியோடு மாமனார் வீட்டுக்குப் போனான். உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டான்:

"வலை வரவெல்லாம் எப்படி மாமா?"

"ஏன், உங்க கொடிமரம் ஏதாவது சொல்லுதா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"நிறைவு மாப்பிள்ளை. நான் பார்க்கிற தொட்டியில குறைவு வருமா?"

அந்த நிமிஷம் அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது அவனுக்கு. கணிப்பொறி தப்பு. கணக்கு தப்பு. கடற்காற்று தன் பாட்டுக்கு இரண்டு பக்கமும் சுற்றி வந்து ஈரத்தை நிரப்பிவிடுகிறது. மாமனாரின் வாய்ச் சவடாலைக் கேட்டு அவன் மனம் நிறைந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினான். அடுத்தடுத்த வாரமும் அதே கேள்வியைக் கேட்டான். அதே 'நிறைவு' கிடைத்தது. மாமனாரின் மேல் பவுடர் வாசனை தூக்கலாக அடித்ததை மட்டும் கவனித்தான். திரும்பி வருகையில் வாசுகியிடம், "உங்கப்பா இந்த வயசுல மேக்கப் போட ஆரம்பிச்சிட்டாரா?" என்று கேட்டுச் சிரித்தான்.

மணமன்றத்தில் கூட்டம் அள்ளியது. முக்கால்வாசி வெண்மணல் குடியிருப்புக்காரர்கள். நிரஞ்சன் தூண் ஓரமாக நின்று மார்பைத் தடவிக்கொள்வார்.

"பார்த்தியா புகழ்? சமூகம் தானா வந்து சேருது. விருதுக் குழு கேக்குறதே இதைத்தான், உள்ளூர் மக்கள் பங்கேற்பு."

ஒரு காபி வாங்கினால் ஒரு செம்பு தண்ணீர் இலவசம் என்பது மன்றத்தின் வழக்கம். உள்ளூர் மக்கள் காபியைக் குடித்துவிட்டு, தண்ணீரைக் குடிப்பதுபோல வாய்வரை கொண்டுபோய், அக்கம்பக்கம் பார்த்துப் பைக்குள் இருந்த பாட்டிலில் ஊற்றிக்கொண்டார்கள். கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்தி பக்கத்து மேஜைக்காரர் மிச்சம் வைத்துப்போன தண்ணீரையும் எடுத்து ஊற்றிக்கொண்டாள். புகழேந்தி அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, 'மாமா நிறைவு என்றுதானே சொல்கிறார்' என்று நினைத்துக்கொண்டான். கண்ணுக்கும் காதுக்கும் சண்டை வந்தால் எது வசதியோ அதன் பக்கம் மனசு சாய்ந்துவிடும்.

*

ஒரு சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்தவனுக்கு வாசுகி கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்கப்பாவைத் திருடன்ங்கறாங்க, புகழ்."

"யாரு?"

"குடியிருப்பே சொல்லுது. வீட்டுக்கு ஆறு குடம்னு மைக்குல சொல்றாராம். மூணுதான் வருதாம். மேல்மாடி வீட்டுக்கு அதுவும் இல்லையாம். மிச்சத்தை எங்க திருப்பி விடறீங்கன்னு கேக்குறாங்க."

புகழேந்திக்குள் எங்கேயோ ஒரு மூலையில் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். கொடிமரத்துத் துணி பழிவாங்கிவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மற்றொன்று உறைத்தது. மூன்று குடம். பாதி. திரையில் மஞ்சளாக அவன் பார்த்த அதே பாதி.

"அவர் என்ன சொல்றார்?"

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறார். 'நான் எடுக்கல, நான் எடுக்கல'ன்னு மட்டும் சொல்றார். வீட்டுக்குள்ள போய்ப் பார்த்தேன். அவர் குடம் அத்தனையும் காஞ்சு கிடக்கு. தன் பங்கையே எடுக்கிறதில்ல போல. குளிச்சு எத்தனை நாளாச்சோ, பவுடரைக் கொட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்." வாசுகி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை பிள்ளையார் முன்னாடி சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணணுமாம். எங்கப்பா அழுது நான் பார்த்ததே இல்ல, புகழ்."

அவன் மேக்கப் என்று சிரித்தது அவளுக்கும் நினைவிருக்க வேண்டும். அவள் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை நிரஞ்சன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

"சார், வெண்மணல் விஷயத்தைச் சொல்லிடப் போறேன். ஒருத்தர் மானம் போகுது."

"யார் மானம்?"

"என் மாமனார்."

நிரஞ்சன் கண்ணை மூடவில்லை. இதற்குத் தியானம் போதாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. மேஜைமேல் கடற்கரை வரைபடம் விரிந்து கிடந்தது. வடக்கிலிருந்து தெற்குவரை வரிசையாக மணமன்றங்கள், கூழாங்கல் வைத்துக் குறித்திருந்தார். நகரத்தின் முகத்துக்கு நேரே ஒரு வேலி.

"சொல்லு," என்றார்.

புகழேந்திக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"தாராளமா சொல்லு. மறைக்கிறது அசிங்கம். ஆனா 'கண்டுபிடிச்சோம்'னு சொல்லு. 'தெரிஞ்சிருந்துச்சு'ன்னு சொல்லாதே. கண்டுபிடிச்சா விருது, தெரிஞ்சிருந்தா வழக்கு. ஒரு வார்த்தைதான் வித்தியாசம். உன் மாமனாரும் தப்பிச்சார், நீயும் தப்பிச்ச."

'நானும்' என்பதை அவர் சொல்லவில்லை. அடக்கம்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டிக்குப் பக்கத்தில், பிள்ளையாருக்கு முன்னால் குடியிருப்பே கூடியிருந்தது. சங்கத் தலைவி ஜெசிந்தா டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளையாருக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றாலும் சத்தியம் சத்தியம்தான் என்பது அவர் கட்சி. சபாபதி மடிப்புக் கலையாத சட்டையில், வெள்ளை வெளேரென்ற முகத்தோடு நின்றார். கிட்டத்தில் போனால்தான் அது பவுடர் என்று தெரியும்.

மேல்மாடியில் குடியிருக்கும் கண்ணாயிரம் சூடத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். தண்ணீர் எட்டாத மாடிக்காரர். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது, குரலும் இருந்தது.

"சார், ரெண்டு வார்த்தை. 'நான் தண்ணியைத் திருப்பி விடலை'ன்னு சொல்லிட்டு அணைங்க. நாங்க காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறோம்."

"நில்லுங்க," என்றான் புகழேந்தி.

அவனை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமனாரும் பார்த்தார். 'இவனா?' என்று கேட்கும் பழைய பார்வை.

"மாமா எதையும் திருடல. திருட அங்க எதுவும் இல்ல. உங்க வலைக்கு வர்றதே பாதிதான்."

"அதெப்படிங்க? இத்தனை வருஷமா வந்த காத்து எங்க போச்சு?" என்றார் ஜெசிந்தா டீச்சர்.

"காத்து வருது டீச்சர். ஈரம் வரல. மணமன்றத்துக் கூரை அதைக் குடிச்சிடுது. அது தலைமடை, நீங்க கடைமடை. இப்பத்தான் நாங்க..." வாசுகி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் நாங்க கண்டுபிடிச்சோம்."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடலைப் பார்த்தார்கள், மாடி வலையைப் பார்த்தார்கள், நடுவில் வளைந்து நின்ற கூரையைப் பார்த்தார்கள். கண்ணால் கோடு போட்டுப் பார்த்தபோது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

சபாபதியின் முகம் பவுடருக்கு உள்ளிருந்து மலர்ந்தது. "கேட்டீங்களா? கேட்டீங்களாய்யா? என் வலையில குத்தமில்ல! என் தொட்டியில குத்தமில்ல! மாப்பிள்ளை சொல்றார், படிச்சவர், கேட்டுக்குங்க!"

அந்தச் சந்தோஷம் எத்தனை நேரம் நீடித்திருக்கும்? கண்ணாயிரம் தலையைச் சொறிந்து முடிக்கும் நேரம்.

"சரி சார். வந்ததே பாதின்னு வெச்சுக்குவோம். அப்போ தினமும் காலையில மைக்கைப் பிடிச்சு நிறைவு, ஆறு குடம்னு சொன்னது யாரு?"

சபாபதி தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாயிரம் விடவில்லை.

"வந்தது மூணு. சொன்னது ஆறு. மிச்சத்தை எங்கேருந்து கொண்டாறதா இருந்தீங்க?"

எங்கேயோ ஒரு குரல் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தது. "வணக்கம். உங்கள் நீர்க்கட்டி, ஓய்வுபெற்ற சார்பதிவாளர்..." கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் விரோதம் இல்லை. திருடன் என்று நினைத்தவரை அவர்கள் மன்னித்துவிட்டார்கள். திருடனாக இருந்தவரைக்கும் அவரைப் பார்த்து ஒரு பயமாவது இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

"சரியாயிடும்னு நினைச்சேன்," என்றார் சபாபதி. யார் காதிலும் விழவில்லை. "என் பங்கை நான் எடுக்கல. அதையும் உங்களுக்குத்தான்..." அதுவும் விழவில்லை. சூடம் ஏற்றப்படாமல் தட்டிலேயே கிடந்தது. அதற்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது.

பிறகு நடந்ததெல்லாம் சுருக்கமானது. ஜெசிந்தா டீச்சர் கடமை தவறாதவர். கூரையை இறக்கச் சொல்வதா, வழக்குப் போடுவதா, மன்றத்துக்கு முன்னால் போய் உட்காருவதா என்று கூட்டம் நாலாபக்கமும் இழுத்தபோது, புகழேந்தியிடம் சொல்லி நிரஞ்சனுக்குப் போன் போடவைத்தார். நிரஞ்சன் ஒலிபெருக்கியில் வந்தார். அவர் குரல் தழுதழுத்தது. வெண்மணல் மக்களின் ஈரம் மன்றத்தில் இருக்கிறது என்றால் மன்றம் வெண்மணல் மக்களுடையது. இன்று முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் காலையில் ஒரு காபியும் ஒரு குடம் தண்ணீரும் இலவசம். இந்தத் திட்டத்துக்கு 'ஈரப் பகிர்வு' என்று பெயர் வைக்கலாமா என்று கேட்டார். கேட்கும்போதே வைத்துவிட்டார்.

கூட்டம் கைதட்டியது. மூன்று குடம் போன இடத்தில் ஒரு குடமும் ஒரு காபியும் வந்ததைப் பற்றி ஒருவர் முணுமுணுத்தார். "காபி நல்லா இருக்குமே," என்று இன்னொருவர் அடக்கினார். வரிசையாக வரப்போகும் மற்ற மன்றங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் வாயைத் திறக்கவில்லை.

"இந்தக் காலத்துல தன் கம்பெனி தப்பைத் தானே வந்து சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்," என்றார் ஜெசிந்தா டீச்சர். தொட்டியில் தண்ணீர் இல்லாத சங்கத்திலும் ஒரு பொன்னாடை எப்போதும் கைவசம் இருக்கும். அதை எடுத்துப் புகழேந்தியின் தோளில் போர்த்தினார். கண்ணாயிரம் இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அதே சூட்டில் போய் மைக்கையும் வால்வுச் சாவியையும் சபாபதியிடமிருந்து வாங்கிக்கொண்டார். மரியாதையாகத்தான் வாங்கினார். "நீங்க ஓய்வெடுங்க சார்."

*

மாமனார் வீட்டுக்கு வந்ததும் வாசுகி சமையலறைக்குள் போனாள். மன்றத்திலிருந்து முதல் குடம் வந்திருந்தது. அப்பா குளிக்கட்டும் என்று அடுப்பில் தண்ணீர் வைத்தாள். பாத்திரங்களைக் கழுவும் சத்தம் கேட்டது.

சபாபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெயிலில் நின்றதில் பவுடர் திட்டுத்திட்டாகக் கரைந்திருந்தது. எதிரில் உட்கார்ந்த பிறகுதான் தோளில் இன்னும் பொன்னாடை கிடப்பது புகழேந்திக்குத் தெரிந்தது. எடுத்து மடித்தான். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டான்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"முதல் நாள் குறைஞ்சப்ப, வலையில ஓட்டைன்னு நினைச்சேன். கண்ணி கண்ணியா பார்த்தேன், ஓட்டை இல்ல. அழுக்கோன்னு பிரஷ் வெச்சுத் தேய்ச்சேன். அதுவும் இல்ல. அப்போ எனக்குத்தான் மூளை மழுங்கிடுச்சு, அளக்கத் தெரியலைன்னு நினைச்சேன். உத்தியோகத்துல இருந்தவரைக்கும் ஒரு எழுத்து தப்பா போட்டதில்ல நான். மைக்கைக் கையில எடுத்தா நாக்கு வரல. சரி, இன்னிக்கு ஒரு நாள் 'நிறைவு'ன்னு சொல்லிடுவோம், நாளைக்குச் சரியாயிடும்னு..." அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "காரணம் தெரிஞ்சிருந்தா நான் பொய் சொல்லியிருக்கவே மாட்டேன் மாப்பிள்ளை. 'பாதிதான் வருது, மிச்சம் அதோ அங்க நிக்குது, போய்க் கேளுங்க'ன்னு மைக்குலயே சொல்லிட்டுப் போயிருப்பேன். எனக்கென்ன பயம்?"

புகழேந்தி பொன்னாடையின் ஜரிகையை நகத்தால் நிமிண்டினான்.

"அதுக்காகத்தான் கேக்குறேன். குத்தம் சொல்லக் கேக்கல. உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

சொல்லிவிடலாம். மஞ்சள் வாலைச் சொல்லலாம், அது நீலமான மாலையைச் சொல்லலாம், இந்தக் கிழவரின் 'நிறைவு' என்ற ஒரு சொல்லைத் தலைக்கு வைத்துக்கொண்டு தான் தூங்கியதைச் சொல்லலாம். ஒருவருடைய பொய்மேல் மற்றவர் ஏறி நின்றிருந்தோம் மாமா என்று சொல்லலாம். வாசுகியின் நிழல் சமையலறை வாசலில் வந்து விழுந்தது.

"போன வாரம்தான் மாமா," என்றான். "ஒரு சந்தேகம் வந்துச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தோம்."

சபாபதி அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. மருமகனை அவர் இதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை. ஒரே இலாகாவில், பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்ப்பதுபோல இருந்தது. கையை நீட்டி அவன் முழங்காலை மெல்லத் தட்டிக் கொடுத்தார்.

"எனக்கும் முதல் நாள் குரல் இப்படித்தான் லேசா அடைச்சுது, மாப்பிள்ளை," என்றார். "போகப் போகச் சரியாயிடும்."